மதுரையில் பழைய ராக் இசை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு மாடி அறையில் முந்நூறு கேசட்டுக்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலும் 1965க்கும் 1990க்கும் இடைப்பட்ட ஆங்கில ராக் இசைக்குழுக்கள். ஞாயிறு சாயங்காலம் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை போட்டுக் கேட்போம். புதிதாக வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அதனால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

மதுரையில் யார் இந்தப் பாட்டெல்லாம் கேட்டார்கள்?

கேட்டோம். பெரிய கூட்டம் இல்லை, ஆனால் ஊருக்குள் அங்கங்கே இருந்தோம். கோரிப்பாளையத்தில் அமெரிக்கன் கல்லூரி விடுதியில் சிலர், சர்ச்சில் கிதார் வாசித்த பையன்கள் சிலர், துபாயிலும் சவுதியிலும் வேலை பார்த்த மாமன்மார் டூ-இன்-ஒன் (ரேடியோவும் டேப்ரெக்கார்டரும் சேர்ந்த பெட்டி) கொண்டுவந்த வீட்டுப் பிள்ளைகள் சிலர். நான் அந்த மூன்றாவது வகை. 1986இல் தாய்மாமா லீவுக்கு வந்தபோது ஒரு டூ-இன்-ஒன்னை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். அம்மா அதன்மேல் பூப்போட்ட துணி ஒன்றைத் தைத்து மூடிவைத்தார். பரீட்சை முடியும்வரை அந்தத் துணியை எடுக்க அனுமதி கிடையாது.

கொடைக்கானலும் ஒரு வழி. அங்கே வெளிநாட்டுப் பிள்ளைகளும் படிக்கும் உறைவிடப் பள்ளி ஒன்று 1901 முதல் இருக்கிறது. எங்கள் வகுப்பில் ஒருவன் கொடைக்கானல்காரன். ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை திரும்பும்போது அவன் பையில் இரண்டு மூன்று ஒரிஜினல் கேசட் இருக்கும். பீட்டில்ஸ் எனக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது, மலையிலிருந்து பஸ் ஏறி.

மற்ற கேசட்டெல்லாம் எங்கே கிடைத்தது?

ரெக்கார்டிங் சென்டரில். இன்று இருபது வயதில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கிறது. அப்போது டவுன்ஹால் ரோடு பக்கமும் மாசி வீதிகளிலும் இப்படிப்பட்ட கடைகள் இருந்தன. வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, வெற்றுக் கேசட்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் பதிந்து தருவார்கள்.

நான் போன கடை ஒரு சந்துக்குள் இருந்தது. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலில்தான் நிற்க வேண்டும். கடைக்கார அண்ணனுக்கு டி.எம்.எஸ். என்றால் உயிர், நம் ஊர்க்காரர் என்ற பெருமை வேறு. ஆங்கிலப் பாட்டில் அவருக்கு ஈடுபாடு இல்லை. ஆனால் ஊரைக் காலி செய்து போன ஒரு குடும்பத்திடம் மொத்தமாக வாங்கிய ஆங்கில எல்பி ரெக்கார்டுகள் ஒரு தட்டு நிறைய வைத்திருந்தார். அட்டைகள் பாதி கிழிந்துபோனவை. அவருக்கு எது கைக்கு வருகிறதோ அதைப் பதிந்து, பச்சை மையில் 'இங்கிலீஷ் 1', 'இங்கிலீஷ் 2' என்று எழுதித் தருவார். பாடகர் பெயரும் பாட்டின் பெயரும் இருக்காது.

'இங்கிலீஷ் 4'இல் ஒரு கிதார் இருந்தது. யார் வாசித்தது என்று தெரியாமல் மூன்று வருஷம் அதைக் கேட்டேன். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, தண்ணீர் சொட்டுவதுபோல் விழும். பிறகு ஒருநாள் கொடைக்கானல் நண்பனின் கேசட் உறையைப் பிரித்துப் படித்தபோதுதான் அது டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்றும், வாசித்தவர் மார்க் நாஃப்ளர் என்றும், பாட்டு 1978இல் வந்த 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்' என்றும் தெரிந்தது. ராக் கிதார்காரர்களில் பெரும்பாலோர் கையில் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டை வைத்துக் கம்பியைத் தட்டுவார்கள். நாஃப்ளர் கட்டைவிரலாலும் அடுத்த இரண்டு விரல்களாலும் மீட்டுவார், நம் வீணைக்காரர்கள் விரலால் மீட்டுவதுபோல. அந்த ஒலி ஏன் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆல்பத்தை முழுதாகத்தான் கேட்க வேண்டுமா? பிடித்த பாட்டை மட்டும் கேட்டால் ஆகாதா?

பிடித்த பாட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆனால் ஒருமுறையாவது முழுதாகக் கேட்டுவிட்டு அதைச் செய்யுங்கள். அறுபதுகளின் நடுவிலிருந்து இந்தக் குழுக்கள் ஆல்பத்தை ஒரே படைப்பாக அமைக்கத் தொடங்கின. ஒரு பாட்டின் வால் அடுத்த பாட்டின் தலையில் கோர்த்திருக்கும்.

எனக்கு இது ஒரு வெட்டினால் விளங்கியது. பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', 1973இல் வந்தது, மொத்தம் 43 நிமிடம். நான் கொடுத்தது சி-60 கேசட். அதில் ஒரு பக்கம் 30 நிமிடம்தான். அண்ணன் எல்பியை ஓடவிட்டுப் பதிந்தார். முப்பதாவது நிமிடம் 'அஸ் அண்ட் தெம்' என்ற பாட்டின் நடுவில் வருகிறது. சாக்ஸஃபோனும் ஆர்கனும் மெல்ல நடந்துகொண்டிருக்கும்போது டக் என்று நின்றுவிடும். எழுந்து போய்க் கேசட்டைத் திருப்பிப் போட்டால், நடுவில் சில விநாடி காணாமல் போய், பாட்டு வேறோர் இடத்திலிருந்து வரும். காணாமல் போன அந்தச் சில விநாடிகளில் என்ன இருக்கும் என்று படுக்கையில் யோசித்திருக்கிறேன். பிறகு காசு சேர்த்து சி-90 வாங்கினேன். ஒரு பக்கம் 45 நிமிடம், ஆல்பம் முழுதாக உட்கார்ந்தது. மறுபக்கம் அதே குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்', 1975, அதுவும் 44 நிமிடம். இரண்டும் ஒரே கேசட்டில் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தின. அந்தக் கேசட் இன்றும் ஓடுகிறது.

ஆங்கிலம் புரியாமல் எப்படி ரசித்தீர்கள்?

நாதஸ்வரத்தில் சொற்களே இல்லை. இருந்தும் கோயில் வாசலில் நின்று கேட்கிறோமே.

ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிபோர்னியா' தெரிந்திருக்கும். 1976 டிசம்பரில் வந்த ஆல்பம். அந்தப் பாட்டின் கடைசி இரண்டு நிமிடம் பாடல் இல்லை. டான் ஃபெல்டர், ஜோ வால்ஷ் என்ற இருவரின் கிதார்கள் மட்டும். முதலில் ஒருவர் சொல்வார், மற்றவர் பதில் சொல்வார், கடைசியில் இருவரும் கைகோத்து இறங்குவார்கள். முதல்முறை கேட்டபோது எங்கள் அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, "என்னடா, சேதுராமன் பொன்னுசாமி மாதிரி போகுது" என்றார். மதுரை நாதஸ்வர சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி. 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் ஒலிப்பது அவர்கள் வாசிப்புதான். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்தப் பாட்டைப் பற்றி அவரைவிடச் சரியாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

அண்ணன் பதிந்து தந்த அந்தப் பாட்டில் ஒரு கோளாறும் உண்டு. எல்பியில் ஒரு கீறல். இரட்டைக் கிதார் பாதியில் வரும்போது முள் சிக்கி, ஒரே துணுக்கு மூன்று முறை திரும்ப வரும். எல்பி ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி ஆகும், அந்த அளவுத் துணுக்கு. பிறகு 'டொப்' என்று ஒரு சத்தம், அண்ணன் விரலால் முள்ளைத் தள்ளிவிட்டது. அப்புறம் பாட்டு தொடரும். வருஷக்கணக்காக அதையே கேட்டதில் அந்த மூன்று திரும்பலும் பாட்டோடு ஒட்டிக்கொண்டன. சரியான பதிப்பைக் கேட்கும்போதும் அந்த இடத்தில் என் மனசு மூன்று முறை நின்றுதான் நகர்கிறது.

பிற்பாடு ஆங்கிலம் கொஞ்சம் வசப்பட்டதும் சில பாட்டுகள் இன்னும் நெருங்கி வந்தன. 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்' கூட்டமே இல்லாத மதுக்கடை ஒன்றில் வாசிக்கும் குழுவைப் பற்றியது. கேட்க ஆளில்லாவிட்டாலும் தங்கள் வாசிப்பைக் குறைக்காதவர்கள். இதைப் படித்ததும் எனக்கு எங்கள் பக்கத்துப் பொங்கல் திருவிழா மேடைதான் ஞாபகம் வந்தது. ராத்திரி இரண்டு மணி இருக்கும். கூட்டம் கலைந்துவிட்டது, மேடைக்கு முன்னால் நாலு பிள்ளைகள் மணலிலேயே தூங்குகிறார்கள், மைக் செட்காரர் வயரைச் சுருட்டத் தொடங்கிவிட்டார். மெல்லிசைக் குழுவின் கிதார்காரர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கடைசிப் பாட்டின் இடையிசையை ஒரு சுரம் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

ராக் என்றால் வெறும் சத்தம்தானே?

சத்தம் உண்டு. உருமி மேளத்திலும் உண்டு, பறையிலும் உண்டு. சாமி இறங்கும் நேரத்தில் உருமி அடிப்பவரிடம் போய் மெதுவாக அடியுங்கள் என்று யாரும் சொல்வதில்லை.

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் வேறுமாதிரி கேட்பீர்கள். பிளாக் சபாத் குழு இங்கிலாந்தில் பர்மிங்காம் என்ற ஆலை நகரத்தில் உருவானது. கிதார்காரர் டோனி அயோமி 17 வயதில் தகடு வெட்டும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தார். வேலையை விட்டு நிற்கப்போகும் கடைசி நாளில் எந்திரத்தில் வலக்கை சிக்கி, நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. அவர் இடதுகைப் பழக்கக்காரர், கம்பியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு மறுபடி வாசித்தார். விரல் வலிக்காமல் இருக்க மெல்லிய கம்பிகளைப் போட்டார், பிற்பாடு சுருதியையும் இறக்கினார். பின்னால் ஹெவி மெட்டல் என்று பெயர் பெற்ற அந்தக் கனத்த ஒலியில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

எங்கள் ஞாயிறு கூட்டத்துக்கு லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன் வருவார். ராக் அவருக்குப் பழக்கமில்லை, என் நண்பரோடு சும்மா வந்தவர். இந்தக் கதையைச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் தன் இடக்கையை விரித்துக் காட்டினார். ஆள்காட்டி விரலில் ஒரு கணு இல்லை. "அந்தாளு பாட்ட இன்னொரு தடவ போடுங்க தம்பி" என்றார். போட்டோம். இப்போது அவர்தான் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்காருகிறார்.

நான் இளையராஜா பாட்டு மட்டும் கேட்பவன். எனக்கு ஒத்துவருமா?

உங்களுக்குத்தான் சீக்கிரம் ஒத்துவரும். பண்ணைப்புரத்தில் பிறந்தவர், அன்று அது மதுரை மாவட்டம். அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகக் கச்சேரி செய்தவர், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிதார் தேர்வும் எழுதினார். எண்பதுகளில் டீக்கடைக் கூம்பு ஸ்பீக்கரிலும் டவுன் பஸ்ஸிலும் நாம் கேட்ட அவர் பாட்டுகளில் கீழ்ச் சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிதார் தனியாக ஒரு பாட்டே பாடிக்கொண்டு போகும். நம் காது அதிலேயே பழகிவிட்டது. அவரை ராக் இசைக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். மேற்கத்திய இசையில் அவருடைய மானசீக குரு பாக் என்ற பழைய ஜெர்மன் இசைமேதை. 1986இல் வந்த அவருடைய 'ஹவ் டு நேம் இட்' ஆல்பம் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பீட்டில்ஸின் 'சம்திங்' பாட்டை, 1969இல் வந்த 'அபே ரோடு' ஆல்பத்தில் இருப்பது, போட்டுவிட்டுப் பாடகரை விட்டுவிடுங்கள். பால் மெக்கார்ட்னியின் பேஸை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாவது தடவை கேட்கும்போது உங்களுக்கே வழி தெரிந்துவிடும்.

எந்த ஆல்பத்திலிருந்து தொடங்கலாம்?

என்னைக் கேட்டால் டீப் பர்பிளின் 'மெஷின் ஹெட்', 1972. ஏழு பாட்டு, 37 நிமிடம்தான். அதை ஸ்விட்சர்லாந்தில் மோன்ட்ரோ என்ற ஏரிக்கரை ஊரில் ஒரு கேசினோவில் பதிவு செய்யப் போயிருந்தார்கள். 1971 டிசம்பர் 4 அன்று அங்கே ஃபிராங்க் ஸப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது யாரோ கூரையை நோக்கித் தீக்குண்டு சுட, கட்டடமே எரிந்துபோனது. ஏரிமேல் புகை பரவுவதைப் பார்த்துப் பிறந்த பாட்டுதான் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'. இடமில்லாமல் போன அவர்கள், ஆளில்லாத ஒரு ஹோட்டல் நடைபாதையில் மெத்தைகளை அடுக்கி வைத்துப் பதிவை முடித்தார்கள். அந்தப் பாட்டின் தொடக்கத் துணுக்கைக் கிதார் படிக்கும் பிள்ளைகள் இன்றும் முதலில் வாசித்துப் பார்க்கிறார்கள். எங்கள் தெரு முனையில் கிதார் வகுப்பு ஒன்று நடக்கிறது. சனிக்கிழமை காலையில் அந்தப் பக்கம் நடந்தால் காதில் விழும்.

அடுத்து பிங்க் ஃபிளாய்டு, அதன் பிறகு குவீன், லெட் ஸெப்பலின். கிதார்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், காது பழகிய பிறகு கேட்டால் முழுதாகக் கிடைப்பார்.

ஃப்ரெடி மெர்குரி இந்தியரா?

குவீன் குழுவின் பாடகரான அவர் பார்சி. இயற்பெயர் ஃபரோக் புல்சாரா. 1946இல் சான்சிபாரில் பிறந்தார். மகாராஷ்டிராவில் பஞ்ச்கனி உறைவிடப் பள்ளியில் படித்தபோது 'தி ஹெக்டிக்ஸ்' என்ற குழுவில் பியானோ வாசித்தார். 1964இல் குடும்பத்தோடு இங்கிலாந்து போனார்.

இந்தக் குழுக்களுக்கு நம் இசையோடு உறவு உண்டா?

உண்டு, அதில் ஆழமானது ஜார்ஜ் ஹாரிசனுடையது. 1965இல் பீட்டில்ஸ் பாட்டு ஒன்றில் சிதார் வாசித்தார், பிறகு ரவிசங்கரிடம் முறையாகக் கற்றுக்கொண்டார். வங்கதேச அகதிகளுக்காக ரவிசங்கர் உதவி கேட்டதும் 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் ஒரே நாளில் இரண்டு கச்சேரி நடத்திக் காட்டினார். அன்று ரவிசங்கர் குழு சுருதி சேர்த்து முடித்ததும், அதுதான் பாட்டு என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. சுருதி சேர்த்ததையே இவ்வளவு ரசிக்கிறீர்கள் என்றால் வாசிப்பை இன்னும் ரசிப்பீர்கள் என்று அவர் அன்போடு சொன்னது பதிவில் இருக்கிறது. லெட் ஸெப்பலினின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் 1972இல் பம்பாயில் நம் கலைஞர்களோடு சேர்ந்து தங்கள் பாட்டு இரண்டைப் பதிந்து பார்த்தார்கள்.

யாரையாவது நேரில் பார்த்ததுண்டா?

ஒருமுறை. 2002இல் ரோஜர் வாட்டர்ஸ் பெங்களூரு வந்தார், பிங்க் ஃபிளாய்டின் பெரும்பாலான பாட்டுகளை எழுதியவர். மாட்டுத்தாவணியில் ராத்திரி பஸ் ஏறிப் போனோம், நானும் கொடைக்கானல் நண்பனும். எங்கள் இருவருக்கும் அப்போது முப்பது தாண்டிவிட்டது. அவர் மேடைக்கு வந்ததும் அவன் என் முழங்கையைப் பிடித்தான், நாலைந்து பாட்டு வரை விடவில்லை.

பார்த்தே இராத ஒருவர் இறந்ததற்கு இவ்வளவு வருத்தப்படுவது மிகையில்லையா?

இல்லை. பதினாறு வயதில் ராத்திரி பதினொரு மணிக்கு ஒலியைக் குறைத்து வைத்து, ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு கேட்ட குரல் அது. அந்த வயதில் அதைவிட நெருக்கமாக யார் இருந்தார்கள்?

1991 நவம்பரில் ஃப்ரெடி இறந்த செய்தியை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் விக்டோரியா எட்வர்ட் மன்றத்து வாசகசாலையில் ஆங்கிலப் பேப்பரில் பார்த்தேன். இரண்டு நாள் பழைய பேப்பர். எதிரில் இருந்த பெரியவர், "வீட்டுல ஏதும் விசேஷமா தம்பி?" என்று கேட்டார். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, தெரிந்தவர் ஒருவர் போய்விட்டார் என்று சொன்னேன். அவர் எழுந்து வந்து தோளைத் தொட்டுவிட்டுப் போனார். 2025 ஜூலை 5 அன்று பிளாக் சபாத் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் தன் சொந்த ஊரான பர்மிங்காமில் நாற்காலியில் உட்கார்ந்தபடி கடைசியாகப் பாடினார். ஜூலை 22 அன்று இறந்தார். அடுத்த ஞாயிறு லேத் அண்ணன் ஒரு மாலையோடு வந்து டேப்ரெக்கார்டருக்குப் போட்டார்.

பரணில் பழைய கேசட் கிடக்கிறது. ஓடுமா?

அநேகமாக ஓடும், அவசரப்பட்டு மட்டும் போட்டுவிடாதீர்கள். முதலில் கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாக நாடாவைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை, அதை ஓட்டினால் டேப்ரெக்கார்டரில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டிலும் ஒட்டும், அடுத்த கேசட்டுக்கும் போகும். சுத்தமாக இருந்தால் பென்சிலைப் பல்சக்கரத்தில் விட்டு இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கம் பாருங்கள். நாடாவுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும், அது விழுந்திருந்தால் ஒலி மங்கிவிடும், வேறு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம். ஒருமுறை கடைசிவரை ஓடவிட்டுத் திரும்பச் சுற்றிய பிறகு கேளுங்கள். ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். அறுந்த நாடாவைச் சாதாரண செல்லோ டேப்பால் ஒட்டக்கூடாது, நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பசை கசிந்து பக்கத்துச் சுற்றுகளோடு ஒட்டிக்கொள்ளும். அதே காரணத்துக்காகப் பரணிலும் வைக்காதீர்கள். பீரோவுக்குள், புத்தகம்போல் நிற்கவைத்து.

மொபைலில் எல்லாமே இருக்கிறதே?

இருக்கிறது, நானும் கேட்கிறேன். 'அஸ் அண்ட் தெம்' பாட்டில் எனக்குக் காணாமல் போயிருந்த அந்த விநாடிகளை இப்போது நினைத்த நேரம் கேட்க முடிகிறதே, அதற்கு நன்றி. ஞாயிறு மட்டும் மொபைலைக் கீழே வைத்துவிட்டு வரச் சொல்கிறேன்.

அந்த ரெக்கார்டிங் கடை இன்னும் இருக்கிறதா?

இல்லை. அந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். கடைக்கார அண்ணன் இப்போது திருநகரில், தன் மகளின் வீட்டில் இருக்கிறார். போன தை மாதம் தேடிப்பிடித்துப் போனேன். எழுபத்தெட்டு வயது, என்னை அடையாளம் தெரியவில்லை. பச்சை மை எழுத்தைக் காட்டினேன். "என் கையெழுத்துல்ல இது" என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

கையோடு கொண்டுபோயிருந்த சின்ன பிளேயரில் 'ஹோட்டல் கலிபோர்னியா'வைப் போட்டேன். மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். இரட்டைக் கிதார் வந்தது. கீறல் வந்தது. ஒருமுறை, இரண்டுமுறை. மூன்றாவது முறை திரும்புவதற்குள் அவருடைய வலக்கை ஆள்காட்டி விரல் மடியிலிருந்து எழும்பி, காற்றில் எதையோ மெல்லத் தள்ளியது. டொப்.